பிழை இல்லாத பத்திரிகை

கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்தது அக்கா. நாள் குறித்தது அக்கா. சமையல்காரரிடம் பேரம் பேசியது, பூக்காரரை மிரட்டியது, போட்டோக்காரர் சொல்வதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்தது, எல்லாமே அக்கா. மாப்பிள்ளையின் பங்கு ஒரே ஒரு சொல்தான். "சரி."

"டேய், துணி எடுக்கணும். நீலமா, பச்சையா?"

"சரிக்கா."

"எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி நிக்கிறான் பாருங்க," என்று அக்கா புருஷனிடம் முறையிடுவாள். அத்தான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "எருமையாவது காதை ஆட்டும்," என்பார்.

மாப்பிள்ளைக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலை. அங்கே எல்லாரும் அவனைப் 'புரூஃப்' என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, அத்தானுக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. இது அவனுக்கு இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

அவள் இறந்த அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். வீட்டுக்கு வந்து அடுக்களையில் கிடந்த பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தான். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான், தண்ணீர் கொடுத்தான். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "கல்லு மாதிரி நின்னாம்ப்பா" என்று எல்லாரும் மெச்சினார்கள். இந்த ஜனங்களை என்ன சொல்வது! ஒரு மனுஷன் கல்லாக நின்றால் பார்க்கிறவர்கள் பயப்பட வேண்டாமா? இவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

அக்காவுக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. ஆனால் அவள் அந்தப் பயத்துக்கு மருந்தாக உத்தரவு ஒன்றைப் போட்டாள். "அவ பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. தம்பி தாங்க மாட்டான்." தம்பியைத் தன் வீட்டுப் பின்னறைக்குக் கூட்டிவந்தாள். தம்பி மனைவியின் போட்டோவை அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். பெயரையும் அதோடு சேர்த்து வைத்துவிட்ட மாதிரிதான், அந்த வீட்டில் அப்புறம் அது யார் வாயிலும் வரவில்லை. நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியுமாக அந்த வீட்டு அடுக்களையில் எத்தனை சண்டை, எத்தனை சிரிப்பு! அக்கா அத்தனையையும் விழுங்கிக்கொண்டாள். தம்பி தாங்குவானா மாட்டானா என்று தம்பியைத்தான் யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினால் யாருடைய காலையோ கிள்ளுகிற மாதிரி இருக்குமே, அவன் உடம்பு முழுக்க அப்படி இருந்தது. வலி என்று எதுவும் இல்லை. சாப்பிட்டான், தூங்கினான், வேலைக்குப் போனான். சட்டைக் காலர் நைந்தால் அக்கா சொல்வாள், மாற்றிக்கொள்வான்.

வேலையில் மட்டும் அவனை அசைக்க ஆளில்லை. அந்த அச்சகத்தில் அதிகமும் அடிப்பது மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற துண்டுத்தாள்கள். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ஒரு புள்ளி இடம் மாறினால் எவனோ ஒருவன் பத்து மடங்கு மாத்திரையை விழுங்குவான். புரூஃப் பார்க்கிறவன் படிக்கவே கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். படித்தால் அர்த்தம் புரியும். அர்த்தம் புரிந்துவிட்டால் மனசு தானாகவே பிழையைத் திருத்திப் படித்துக்கொண்டு போய்விடும், கண்ணுக்குப் பிழை தெரியாது. அதனால் அவன் கடைசி வார்த்தையிலிருந்து தொடங்கி முதல் வார்த்தைக்கு வருவான். ஒவ்வொரு வார்த்தையும் தனி ஆள். முன்னால் யார், பின்னால் யார் என்று பார்ப்பதில்லை. வாந்தி, தலைசுற்றல், அரிப்பு, மரத்துப்போதல் என்று உலகத்திலுள்ள பக்கவிளைவுகள் அத்தனையும் அவன் கண் வழியாகப் போயிருக்கின்றன. எந்த மருந்து எந்த நோய்க்கு என்று கேட்டால் விழிப்பான்.

முன்பெல்லாம் இந்த வழக்கம் மேஜையோடு நின்றுவிடும். மனைவி போனபிறகு அவன் வாழ்க்கையையே அப்படிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான் என்றுதான் தோன்றுகிறது.

பெண் பார்த்ததும் அக்காதான். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறவள். அவனைவிட நாலைந்து வயது சின்னவள். இருவரையும் ஒரு ஹோட்டல் மேஜையில் உட்காரவைத்துவிட்டு அக்காவும் அத்தானும் வேறு மேஜையில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவிங் டீச்சர் சுற்றி வளைக்கவில்லை.

"எனக்கு முன்னாடியே ஒரு கல்யாணம் நிச்சயமாகி நின்னு போச்சுங்க. அவங்களுக்கு இஷ்டமில்லைன்னு யாரும் வந்து சொல்லல. கிணத்துல போட்ட கல்லு மாதிரி இருந்துட்டாங்க. நாளும் வந்துச்சு, மண்டபத்துக்கும் போயிட்டோம், மாப்பிள்ளை வரல. அதனால ஒரே ஒரு கண்டிஷன். வேண்டாம்னு தோணுச்சுன்னா என் மூஞ்சியைப் பார்த்து நேரா சொல்லிடணும்."

"சரி," என்றான் அவன்.

அதை அவள் ஒரு வாக்காக எடுத்துக்கொண்டாள். பாவம், அது வெறும் சரி என்று அவளுக்கு எப்படித் தெரியும்!

ரெண்டு பேரும் கொஞ்சம் பேசிப் பழகட்டும் என்று அக்கா நச்சரித்தபோது டீச்சர்தான் வழி சொன்னாள். "எனக்குப் பேசத் தெரியாது, வண்டி ஓட்டத்தான் தெரியும். வாங்க, கத்துக்கோங்க." ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூல் காரை எடுத்துக்கொண்டு வருவாள். இரண்டு பக்கமும் பிரேக் உள்ள கார். அவன் ஸ்டியரிங்கைப் பிடிப்பான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து தன்னிடம் வண்டி கற்றவர்களின் கதைகளைச் சொல்வாள். கியர் மாற்றும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்ளும் பல் டாக்டர், பின்னால் போவதற்கு மட்டும் கற்றுக்கொண்டு போய்விட்ட ஒரு மாமி. பேசத் தெரியாதாம்!

ஒருநாள் வளைவில் சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே விழுந்தடித்து வந்தார். அவள் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினாள். சைக்கிள்காரர் திட்டிக்கொண்டே போனார். அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு பக்குன்னு இல்லையா?"

"இல்லையே," என்றான். பொய் இல்லை.

"பயப்படுறவங்களுக்குச் சொல்லிக் குடுத்துடலாங்க. உங்களை மாதிரி ஆளுங்கதான் கஷ்டம்," என்று சிரித்தாள். ஆனால் அன்றைக்கு வீடு வரைக்கும் அவளே ஓட்டினாள்.

குடியிருக்கப் போகும் வீட்டை இருவரும் போய்ப் பார்த்தார்கள். மாடியில் இரண்டு அறை, காற்று வருகிற ஜன்னல்கள். அவள் கையோடு டேப் கொண்டுவந்து திரைச்சீலைக்கு அளவெடுத்தாள். கட்டிலை இந்தப் பக்கம் போடலாமா, அந்தப் பக்கம் போடலாமா என்று கேட்டாள். "சரி" என்றான். "இப்படி விட்டுக்குடுக்கிற மனுஷனை நான் பார்த்ததே இல்ல," என்று அவள் தன் அம்மாவிடம் போய்ச் சொன்னாளாம். அவன் மரத்துக் கிடந்ததை அவள் குணம் என்று நினைத்துவிட்டாள். ஆசையோடு பார்க்கிற கண்ணுக்கு எதுவும் அப்படித்தான் தெரியும். அவள் சந்தோஷமாக இருந்தாள். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் தனக்கென்று திரைச்சீலைத் துணி வாங்கினாள்.

பத்திரிகை அடிக்கிற வேலை வந்தது. "ஊருக்கெல்லாம் அடிக்கிறவன் நீ, உன் பத்திரிகையை நீயே எழுதிக் குடுத்துடு," என்றாள் அக்கா. அவன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தாளை எடுத்து மளமளவென்று எழுதி முடித்தான். மணமகன், மணமகள், நாள், நேரம், மண்டபம், கீழே அழைப்பவர்கள் அக்காவும் அத்தானும். எழுதும்போது மருந்துத் தாள் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. தாளை டைப் அடிக்கும் பெண்ணிடம் கொடுத்தான்.

அந்த அச்சகத்தில் கொடுத்ததைக் கொடுத்தபடி அடிக்க வேண்டும் என்பது சட்டம். மருந்துக் கம்பெனிக்காரன் எழுதியதில் சொந்த புத்தியைக் கலந்தால் முதலாளி வேலையை விட்டே தூக்கிவிடுவார். அதனால் அங்கே ஈயடிச்சான் காப்பி என்பது திட்டு இல்லை, பாராட்டு. அந்தப் பெண் தாளில் இருந்ததை அச்சு அசலாக அடித்துக் கொண்டுவந்தாள். அவன் வழக்கம்போல கடைசியில் இருந்த அத்தான் பெயரில் தொடங்கி ஒவ்வொரு வார்த்தையாக மேலே ஏறிப் போனான். ஒரு துணைக்கால் பிசகவில்லை, ஒரு புள்ளி விடவில்லை. கீழே கையெழுத்துப் போட்டான்.

அக்காவுக்கும் காட்டினான். அக்கா தன் பெயரும் புருஷன் பெயரும் இருக்கிற வரியை இரண்டு தடவை பார்த்தாள். "கலர் இன்னும் கொஞ்சம் பளிச்சுனு இருக்கலாம்," என்றாள். முதலாளி தன் அன்பளிப்பாக நல்ல தடித்த அட்டையில் அடித்துக் கொடுத்தார். கட்டுகளில் ஒன்றை அக்காவே கொண்டுபோய்ப் பெண் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதற்கு மறுநாள் சாயங்காலம் டிரைவிங் ஸ்கூல் கார் அச்சகத்து வாசலில் வந்து நின்றது. டீச்சர் இறங்கவில்லை. ஹாரனை ஒரே ஒரு தடவை அடித்தாள். உள்ளே இருந்தவர்கள், "புரூஃப், பாடம் எடுக்க வந்துட்டாங்க," என்று கேலி செய்து அவனை அனுப்பிவைத்தார்கள். பழக்கப்படி ஸ்டியரிங் பக்கம் போனான். அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். சுற்றிக்கொண்டு போய் மற்றப் பக்கம் ஏறினான்.

அவள் பத்திரிகையை அவன் கையில் கொடுத்தாள். "பாருங்க."

அவன் பார்த்தான். கீழேயிருந்து மேலே. "பிழை ஒண்ணும் இல்லையே."

"சத்தமா படிங்க. மேலேருந்து."

படித்தான். மணமகன் என்று தன் பெயரைப் படித்தான். மணமகள் என்று படித்தான். அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தவன் அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். அங்கே அச்சாகியிருந்தது செத்துப்போனவளின் பெயர். அவனே எழுதிக்கொடுத்தது. அச்சகத்தில் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அவள் அவர்களுக்கு 'அண்ணி', இவள் 'டிரைவிங் டீச்சர்'. மணமகள் என்று எழுதியதும் கை தனக்குத் தெரிந்த பெயரை எழுதிவிட்டது. கண் எழுத்தைப் பார்த்தது, எழுத்தில் பிழை இல்லை.

"ஸ்கூல்ல எல்லாருக்கும் குடுத்துட்டேன்," என்றாள் அவள். "பிரிச்சுக்கூடப் பார்க்கல. அவ்ளோ அவசரம் எனக்கு. ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணுதான், இது யாரு டீச்சர்னு கேட்டா. அச்சுல தப்பு விழுந்துடுச்சுன்னு சொன்னேன். வர்ற வழியெல்லாம் எனக்கும் அதையேதான் சொல்லிட்டு வந்தேன்."

"புதுசா அடிச்சுடலாங்க," என்றான் அவன். "நாளைக்கே அடிச்சுடலாம்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அடிச்சா என் பேரு வரும். பத்திரிகையில வரும். உங்க வாயில வருமா? இத்தனை மாசமா பக்கத்துல உட்கார்ந்திருக்கேன், ஒரு தடவை என் பேரைச் சொல்லியிருக்கீங்களா?"

அவன் யோசித்துப் பார்த்தான். இல்லை. அவள் பெயர் அவனுக்குத் தெரியும். சொல்லவும் முயன்றான். நாக்கு அதைத் தெருவில் பார்த்த கடைப் பலகை மாதிரி வைத்துக்கொண்டிருந்தது.

"சரி, விடுங்க. இதைப் படிங்க. இதுல இருக்கிறதை."

"வேண்டாங்க."

"படிங்க."

மனைவி இருந்த காலத்தில் வீட்டுக்குள் நுழையும்போதே அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு நுழைகிறவன் அவன். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை, கழற்றியபின் ஒரு தடவை. 'வந்துட்டேன்னு தெருவுக்கே தண்டோரா போடணுமா' என்று அவள் உள்ளேயிருந்து கேட்பாள். அந்தப் பெயரை இப்போது டிரைவிங் ஸ்கூல் காருக்குள் உட்கார்ந்து, ஒரு அட்டையைப் பார்த்து, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டிச் சொன்னான். சொன்னவன் நிறுத்தவில்லை. மறுபடியும் சொன்னான். மூன்றாவது தடவை அது பெயராக வரவில்லை, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தமாக வந்தது. மரத்த காலில் ரத்தம் ஓடத் தொடங்கும்போதுதானே உயிர் போகிற வலி! அவன் டாஷ்போர்டில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். வெட்கம் பார்க்காமல், மூக்கு ஒழுக, மூச்சு முட்ட அழுதான். அச்சகத்திலிருந்து வெளியே வந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே உள்ளே போனார்.

டீச்சர் அவன் மேல் கை வைக்கவில்லை. கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியை எடுத்து அவன் மடியில் போட்டாள். அப்புறம் அதன் ஒரு நுனியை இழுத்துத் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து அவன் நிமிர்ந்தான். அவள் முகத்தை நேராகப் பார்த்தான். அந்த முகத்தில் இடது புருவத்துக்கு மேல் ஒரு சின்ன மச்சம் இருப்பதை அப்போதுதான் கவனித்தான்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாங்க," என்றான். "உங்ககிட்ட எந்தக் குறையும் இல்ல. நான்தான் இன்னும் அந்த ஆஸ்பத்திரியை விட்டே வரல."

அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வலித்தது என்பது அந்த விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது. திரைச்சீலைத் துணியை வெட்டித் தைக்கவும் கொடுத்திருந்தாள்.

"நேரா சொல்லிட்டீங்க," என்றாள் கடைசியில். "நான் கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டேன் போல."

"எங்க வீட்லயும் உங்க வீட்லயும் நானே சொல்றேன். நான்தான் நிறுத்தினேன்னு சொல்றேன். யாரும் உங்களை ஒரு வார்த்தை கேட்கக் கூடாது."

"வாங்க. எங்கம்மா நல்லா திட்டுவாங்க. நின்னு கேட்டுக்கோங்க."

"கேட்டுக்கிறேன்."

அவன் இறங்கினான். கார் முனை திரும்பும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

வீட்டுக் கூடம் முழுக்க ஜவுளி. யாருக்கு எது என்று அக்கா பிரித்துப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் புதுச்சட்டையைப் போட்டுப் பார்த்து, தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, கல்யாணம் வேண்டாம். அவங்ககிட்ட சொல்லிட்டேன்."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பொரிந்து தள்ளினாள். ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு, மண்டபம் என்ன ஆகிறது, யார் முகத்தில் விழிப்பது, உனக்காக நான் நாயாய் அலைந்தேனே என்று மூச்சுவிடாமல் கேட்டாள்.

"அவளா வேண்டாம்னா?"

"இல்ல. நான்."

"அப்படி என்னடா குறை கண்டே அவகிட்ட?"

"ஒரு குறையும் இல்ல. தங்கமான மனுஷி."

"அப்புறம் யாருக்காகடா இப்படிப் பண்றே? கடைசி வரைக்கும் யாரை நெனச்சுக்கிட்டு உட்காரப் போறே?"

அவன் பெயரைச் சொன்னான்.

மூன்று வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர். அத்தானின் கை பித்தானிலேயே நின்றது. அக்கா பழைய பழக்கத்தில், கூப்பிட்ட ஆள் வந்துவிடுவாள் என்பதுபோல, அடுக்களை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் வரவில்லை. அவள் பார்வை மெல்லத் தம்பியிடம் திரும்பியது.

"அக்கா," என்றான் அவன், இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்தவன் மாதிரி. "அக்கா, அவ செத்துப் போயிட்டாக்கா."

அக்கா மடியிலிருந்த துணியையெல்லாம் தரையில் தள்ளிவிட்டு எழுந்தாள். "ஆமாண்டா," என்றாள். அவன் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "ஆமாண்டா தம்பி, செத்துட்டாடா," என்று அவளும் வாய்விட்டு அழத் தொடங்கினாள்.

அத்தான் போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.